கட்லட் மணக்கும் வேன்

பேராதனையில் ஓர் எஞ்சின் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறேன். கடைகளில் கட்லட், ரோல்ஸ் பொரித்து மிஞ்சும் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைச் சாதாரண டீசலோடு ஒப்பிடுவது எங்கள் வேலை. ஹந்தானைக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் அண்ணனுக்கு இது பெரிய சிரிப்பு. "இன்னிக்கு எத்தன வடை சுட்டீங்க?" என்றுதான் என்னை வரவேற்பான்.

ஒருநாள் சிரிக்கவில்லை. கடைசி சீட்டில் வரும் சிறுமிக்கு மூச்சிழுப்பு. வேன் புகை உள்ளே அடிக்கிறதென்று அவளுடைய அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாராம்: "இந்த மாசத்தோட நிப்பாட்டிக்கிறேன் அண்ணே." அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வேறு வேன் ஏறாது. வேன் நின்றால் அவள் படிப்பும் நின்றதுதான்.

"ஒன் எண்ணெயில புகை கொறையுமா?"

"கரி கொறையும். நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் கூடலாம், இழுவையும் கொஞ்சம் கொறையும். பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. பழைய டேங்க் அழுக்கையெல்லாம் இது கழுவி எறக்கும். புது பில்டர் போட்டுடுங்க."

எங்களுக்குப் பயோடீசல் செய்து தருபவரிடமே வாங்கிக் கொடுத்தேன். அண்ணனுக்குப் புது பில்டர் என்றால் ஆடம்பரம். பழையதையே மண்ணெண்ணெயில் அலசி மாட்டிவிட்டான். இரண்டாம் நாள் பின்னேரம், பிள்ளைகளோடு ஹந்தானை வளைவில் வேன் விக்கி நின்றது. போனில் அவன் கத்தியது பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்கும்.

புது பில்டரோடு ஆட்டோவில் போனேன். அந்தச் சிறுமியின் அம்மாவும் லயத்திலிருந்து இறங்கி வந்து நின்றார். கழற்றிய பில்டரில் தார் போல அழுக்கு.

"இது என் எண்ணெயா, ஒங்க டீசலா?" எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவன் என் கையிலிருந்த புது பில்டரை வாங்கினான். புதியதை மாட்டியதும் வேன் உறுமியது. அந்த அம்மா புகைக்குழாய்ப் பக்கம் போய் மோந்து பார்த்தார்.

"கட்லட் வாசந்தான் வருது. சரி, அடுத்த மாசமும் பாப்போம்."

மாதம் மாறியும் சிறுமி வந்துகொண்டிருந்தாள். வேன் மேட்டில் முன்னைவிட மெதுவாகத்தான் ஏறியது. எல்லாரும் முந்திப் போகிறார்களாமே என்று அண்ணனைச் சீண்டினேன்.

"போகட்டும். அந்தப் பிள்ள மேல போற வரைக்கும் ஓயாம கத பேசுறா. முன்னாடி, தங்கச்சி, வாயப் பொத்திக்கிட்டே வருவா. நான் அவள பேசாத பிள்ளைன்னுல்ல நெனச்சிருந்தேன்."