லவோன் கலக்கும் ராஞ்ச்

மேசைக்கடியில் குனிந்து பார்த்த பிறகுதான் லவோன் இப்போதெல்லாம் உட்காருகிறாள். அயோவாவில், தேவாலயப் புல்வெளியில், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் ஞாயிறு விருந்து. யாராவது தட்டைத் தரையில் வைத்தால் போதும், கத்திவிடுவாள்.

"எடு தட்ட! சாலட்ல ஊத்துறது நாய்க்கு விஷம்!"

"அந்த விஷத்தத்தானே இத்தன வருஷமா எங்களுக்கு ஊத்துற?" என்றாள் எதிரே இருந்த மார்லிஸ்.

"நீ நாயில்லையே! சந்தேகம்னா டாக்டர்ட்ட காட்டு."

மோர், மயோனைஸ், சோயிக்கீரை, தாராளமாகப் பூண்டுப்பொடி, அதைவிடத் தாராளமாக வெங்காயப்பொடி. இதையெல்லாம் சேர்த்து, சாலட்டில் ஊற்ற லவோன் கலக்கும் ராஞ்ச் இல்லாமல் அந்த ஊரில் விருந்து நடக்காது. சாலட் ஒரு சாக்கு. பீட்சாவிலும் கோழிவறுவலிலும் ஊற்றிக்கொள்வார்கள். அவள் வீட்டில் சாப்பிட்ட தட்டுகளை முதலில் நக்குவது அவள் நாய் கஸ், அப்புறம்தான் கழுவும் இயந்திரம். "மொதல் கழுவு அவனோடது" என்று பெருமை வேறு. கஸ்ஸுக்கு மூட்டுவலி வந்தபோது மாத்திரையையும் ஒரு கரண்டி ராஞ்சில் புதைத்தே கொடுத்தாள், காலையும் மாலையும்.

ஒருநாள் அவன் ஈறு வெளுத்தது. படியேற முடியவில்லை. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தத்தை உடைக்கும், பொடியானால் இன்னும் வீரியம் என்றார் மருத்துவர். லவோன் அவர்மேலேயே பாய்ந்தாள். "அத டப்பால எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீயே கலக்குற, லவோன். எந்த டப்பால எழுதுவான்?" என்றார் கணவர் ஆர்வில். அதற்காக அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

கஸ்ஸின் ரத்த அளவு இன்னும் ஏறவில்லை. நாளை மறுபடி பரிசோதனை; அப்போதும் கூடியிருக்காவிட்டால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும், இந்த வயதில் அதைத் தாங்குவானா என்பது தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் இன்று விடியற்காலையிலேயே எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ஜாடி ராஞ்ச் கலக்கினாள். பூண்டைக் குறைக்கவில்லை. "பூண்டு இல்லேன்னா அது வெறும் மோரு. அப்புறம் இவளுங்க பேசுவாளுங்க."

"என் பூன இந்த ஜாடி மூடிய நக்குனா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"பூனைக்கு இன்னும் மோசம்டி! கொஞ்சம் போதும். எத்தன தடவ கத்துறது? உங்களுக்கெல்லாம் மூளைங்கறதே..."

நாற்காலிக்கடியில் கிடந்த கஸ் மெல்ல எழுந்தான். ஜாடியை மூடிய அவள் விரல்களை மோந்து, வழக்கம்போல் நாக்கை நீட்டினான். லவோன் இரண்டு கைகளையும் வெடுக்கென்று இழுத்துத் தொடைக்கடியில் செருகி, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.