அளவு சொன்ன குரல்

என் தங்கையின் கணவர் இறந்து பல மாதங்கள் ஆன பிறகும், காலையில் எடிட்டிங் அறைக்குள் நுழைந்ததும் முதலில் நான் கேட்டது அவருடைய குரலைத்தான். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் என் வேலை தொடங்காது. "பருத்தி ஏத்துன வண்டி பாலத்தைத் தாண்டிப் போகுது" என்று ஸ்பீக்கரில் அவர் சொல்வார். நான் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்புவேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு அன்றைய வேலையைப் பார்ப்பேன்.

அது யுத்த காலம். மதுரைக்கு வெளியே இருந்த ஒரு ஸ்டூடியோவில் ஒலிச் சுருள்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. மாப்பிள்ளைக்கு வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போகும் ஒலிப்பதிவு வேனில் வேலை. ஒரே காட்சியின் பாதியை அங்கே வெயிலில் எடுப்பார்கள், மீதியை இங்கே அரங்குக்குள் எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டினால் பேச்சு ஏறி இறங்கக் கூடாது. அதற்காக ஒரே சுருதியில் கூவும் கருவி ஒன்று இருந்தது. ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் அந்தக் கூவலைப் பதிந்து அனுப்புவார்கள். அந்தக் கூவலுக்கு முள்ளை நிறுத்திவிட்டால் அந்தச் சுருள் முழுவதற்கும் அளவு கிடைத்துவிடும்.

அந்தக் கருவிக்குள் எரியும் கண்ணாடிக் குழலான வால்வு போய்விட்டது. கடல் முழுக்கச் சண்டை நடக்கும்போது எங்களுக்கு வால்வு ஏற்றிக்கொண்டு யார் கப்பல் விடப்போகிறார்கள்? கருவியின் இடத்தில் மாப்பிள்ளையை நிறுத்தினோம். தூரம் மாறாமலிருக்க மைக்கில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையில் அவர் நிற்க வேண்டும். எப்போதும் அதே வாக்கியம், அதே எடுப்பு. இதற்கு 'அளவு சொல்றது' என்று பெயரும் வைத்துவிட்டோம். அவருக்கு இருந்த தொண்டைக்குச் சிம்மக்கல் மொத்தக் கடைகளில் ஏலம் கூவப் போயிருந்தால் வியாபாரிகள் காதைப் பொத்திக்கொண்டு சரக்கை எடுத்திருப்பார்கள். முள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் நின்றது. இது கருவியைவிட மேல் என்று நானே நாலு பேரிடம் பெருமையடித்தேன்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனபோதுதான் வம்பு வந்தது. ஒட்டிய காட்சிகளைப் போட்டுப் பார்த்த டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? வீட்டுக்குள்ள கொஞ்சிப் பேசுறவ காட்டுக்கு வந்ததும் சண்டைக்காரி மாதிரி கத்துறா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முள்ளைக் கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் ஒட்டினேன் என்றேன். அவர் நம்பவில்லை. மைக்கில் புழுதி அடைத்திருக்கும் என்று மைக்கை மாற்றினார்கள். பேட்டரியை மாற்றினார்கள். ஃபிலிம் கழுவுகிறவரோடு நான் வாய்ச்சண்டையே போட்டேன். மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டாய் என்று சொன்னதற்கு அவர் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது, கயிற்றின் முனையில் நின்ற மனிதரைத் தவிர. முழக்கோல் குட்டையாகும் என்று எந்தத் துணிக்கடைக்காரன் நினைப்பான்?

ஒரு மத்தியானம், வந்திருந்த சுருள்களின் தொடக்கங்களை மட்டும் வரிசையாக ஓடவிட்டேன். ஒவ்வொன்றிலும் முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து கேட்டேன். அவர் குரலுக்குப் பின்னால், சாமான் இழுக்கும் மாட்டின் கழுத்துமணிச் சத்தம் லேசாக இருந்தது. அடுத்த சுருளில் அது கொஞ்சம் கூடியது. அதற்கடுத்ததில் இன்னும் கூடியது. கடைசியாக வந்த சுருளில் மணி என் காதுக்குப் பக்கத்தில் ஆடியது. ஊரில் இருக்கிற மாட்டுமணி எல்லாம் மாதத்துக்கு மாதம் பெரிதாகுமா? அவர் குரல் இறங்க இறங்க நான் குமிழை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். அதோடு மணி ஏறியது, காற்று ஏறியது, கதாநாயகியும் ஏறினாள். முதல் சுருளில் ஒரே மூச்சில் சொன்ன வாக்கியத்தைக் கடைசிச் சுருளில் 'வண்டி' என்ற இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கிச் சொல்லியிருந்தார்.

மறுநாளே, பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸில் திருமங்கலம் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் காட்டுக்குப் போனேன். வேனின் நிழலில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை அவருடையதுதான், ஆள் பாதிதான் இருந்தார்.

"என்ன மச்சான், இம்புட்டுத் தூரம்?"

"ஒங்க கொரலத் தேடி வந்தேன் மாப்ள. எங்க போச்சு?"

"தூசி மச்சான். கரிசக்காட்டுத் தூசி."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. வாயில் வைத்த துண்டை அவர் எனக்குக் காட்டாமல் மடித்தார். மடித்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"அவகிட்டச் சொல்லிராதீக. புள்ளத்தாச்சி, தாங்க மாட்டா" என்றார். "நான் இல்லன்னா அளவு சொல்ல இங்க ஆள் இல்ல. படம் முடியட்டும், ஆசுபத்திரிக்கு வாரேன்."

"படம் கெடக்குது மாப்ள, எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தங்கை அப்போது முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். அவளிடம் நெஞ்சுச் சளி என்று சொல்லி வைத்தோம். பெரியாஸ்பத்திரி டாக்டர் எங்களுக்கு உள்ளதைச் சொன்னார். எலும்புருக்கி, நுரையீரலை இரண்டு பக்கமும் அரித்துவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே மாப்பிள்ளை போய்விட்டார்.

படம் பாக்கி இருந்தது. அவருடைய நல்ல காலத்துக் குரல் முதல் சுருளின் தொடக்கத்தில் இருந்ததால், அந்தத் துண்டை வெட்டி, முனைகளை வளையமாக ஒட்டி வைத்துக்கொண்டேன். அதை ஓட்டி முள்ளை நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் அதற்குப் பொருத்தினேன். நிறுத்தாவிட்டால் அந்த வளையம் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி பாலத்தைத் தாண்டும், மறுபடி தாண்டும். அந்த நேரம் கூட வேலை பார்த்தவர்கள் பீடி பற்றவைக்கிற சாக்கில் வெளியே போய்விடுவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் வைகைப் பாலத்தின் மேல் பருத்தி வண்டி எதுவும் தெரிந்தால், அது தாண்டிப் போகும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.

படம் முடிந்தால் இந்தத் துண்டுகளும் கழிவு ஃபிலிமோடு எரியும். அது தங்கைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவ கேக்கணும்ணே. எம் புள்ள அவரு மடியில கெடந்ததில்ல. கொரலாவது எனக்கு ஞாபகம் இருக்கணும். நாளாக ஆக மறந்துக்கிட்டே வருது."

அம்மா கூடவே கூடாது என்றாள். செத்தவனைப் பேச வைத்தால் வீட்டை விட்டுப் போக மாட்டான் என்று அழுதாள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் மறந்துக்கிட்டே வருது என்று அவள் சொன்ன பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தங்கையைக் குதிரை வண்டியில் கூட்டிப்போனேன்.

ஸ்பீக்கருக்கு எதிரே அவளை உட்காரவைத்து வளையத்தை மாட்டினேன். முள்ளைக் கோட்டில் நிறுத்தினேன். அறை அதிர அவர் பேசினார். அவள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். வண்டி இரண்டு மூன்று முறை பாலத்தைத் தாண்டியது. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தலையை ஆட்டினாள்.

"இது அவரு இல்லண்ணே."

"அவருதாம்மா. நல்லா இருந்தப்பச் சொன்னது."

"கொறைச்சு வையிண்ணே."

குமிழைத் திருப்பினேன். முள் கோட்டை விட்டு இறங்கியது. இன்னும் என்றாள். இன்னும் இறக்கினேன். முள் கீழே படுத்தேவிட்டது. இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்கு அடியில் மனிதக் குரல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வந்ததும், அவள் ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதான். இதான் அவரு."

என் வேலையில் அதற்குக் கீழே அளவே கிடையாது. அவள் அங்கேயே சாய்ந்திருந்தாள். பல சுற்றுகள் ஓடிய பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"கடைசி கடைசியா வந்தப்பல்லாம் எங்கிட்ட இம்புட்டு மெதுவாத்தான் பேசுவாரு. புள்ள வயித்துல இருக்குன்னு ஆசையாப் பேசுறாருன்னு நெனச்சிட்டேண்ணே."

வளையத்தை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.