கைநாட்டுக்கு மேலே ஒரு வரி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் இருபது வருஷம் ரைட்டராக இருந்தேன். துரைக்குத் தமிழ் வராது, ஆட்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் கிடந்து தேய்ந்தவன் நான். லீவோ, வீட்டில் சாவோ, எதற்கும் மனு என் கையால்தான். அடியில், வலப்பக்கம், கைநாட்டுக்கு மேலே, 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்' என்று இருந்தாக வேண்டும். தங்களுக்கு மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன் என்று அர்த்தம். துரையின் கண் முதலில் அங்கேதான் போகும். அது இல்லாத மனு குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த ஒருவர், தாயை இழுத்துத் திட்டிய மேஸ்திரியை எதிர்த்துப் பேசிவிட்டார். அன்றைக்கே வேலை போயிற்று. நாலாம் நாள், வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்று என்னிடம் வந்தார். மனு எழுதி, வழக்கம்போல் தமிழில் படித்துக் காட்டினேன்.

"கடைசியா இன்னா சொன்னீங்க? கீழ்ப்படிஞ்ச ஊழியனா? அத எடுத்துடுங்க ரைட்டரே. வேலை செய்றேன், கூலி வாங்குறேன். நான் இன்னா அவருக்கு அடிமையா?"

"யோவ், அது மரியாதைக்குப் போடறதுய்யா. கலெக்டரே மேல இருக்கிறவருக்கு அப்படித்தான் எழுதுவாரு."

"அவரு எழுதட்டும். மேஸ்திரிகிட்ட தலைய நிமுத்திட்டு வந்திருக்கேன், காயிதத்துல குனியச் சொல்றீங்களே!"

எனக்கு பேஜாராகிவிட்டது. காலையிலிருந்து எழுதி எழுதி விரல் மரத்துக் கிடந்தது. "சரிப்பா" என்று வேறு தாள் எடுத்தேன். அந்த வரியையும் எழுதினேன். படித்துக் காட்டும்போது மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து அந்த வரிக்குக் கீழேயே அழுத்தினார். சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகையே இல்லை. வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது.

மறுநாள் வேலை திரும்பக் கிடைத்தது. தொட்டியடியில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "பாத்தீங்களா? அந்த வார்த்தை இல்லாமலே துரை எடுத்துக்கினாரு. நம்ம ரைட்டர் எழுதினா குனிய வேணாம்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அலுப்பு. அலுப்பைவிட, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல பயம். வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அதன்பிறகு மனுவுக்கு வந்தவர்கள் எல்லாரும், "அவருக்கு எழுதின மாதிரியே எனக்கும் எழுதுங்க ரைட்டரே" என்றார்கள்.

அவருக்கு எழுதின மாதிரியேதான் எல்லாருக்கும் எழுதினேன்.