வீட்டுக்காரர் சொன்ன பூஜ்யம்

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஹோம் கேர் நர்ஸாக இருந்தேன். ஒருமுறை அலுவலகம் புது வேலை ஒன்று தந்தது. நோயாளியைப் பராமரிப்பவருக்கு எவ்வளவு சுமை என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மார்க். பூஜ்யம் என்றால் கஷ்டமே இல்லை, நான்கு என்றால் எப்போதும் கஷ்டம். ஸ்கோர் கூடினால் வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஆள் வரும். கஷ்டப்படுகிறவர் அதை நிரூபித்தும் காட்ட வேண்டும்.

முதல் வீடு குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். பக்கவாதத்தில் பேச்சு போன செல்லையா கட்டிலில் கிடந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மருமகள் சுஜா. பதில் சொல்ல மட்டும் மகன் ராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்குன்னு நேரமே கிடைக்கலன்னு தோணுதா?" என்று சுஜாவிடம் கேட்டேன்.

"வீட்லதான இருக்கா, நேரத்துக்கு என்ன பஞ்சம்? பூஜ்யம் போடுங்க சிஸ்டர்" என்றார் ராஜன்.

கட்டிலில் செல்லையாவின் இடது கை எழுந்தது. நான்கு விரல்.

"உறக்கம் கெடுதா?"

"பூஜ்யம்" என்றார் ராஜன். மறுபடியும் நான்கு விரல்.

"அப்பாக்க கை சும்மா இழுக்கும் சிஸ்டர். வாதச் சூக்கேடாக்கும்."

எனக்குச் சந்தேகம். "அண்ணாச்சி, மகன் உங்களப் புரட்டிப் படுக்க வைக்காரா?" என்றேன். விரல்கள் எல்லாம் மடங்கின. சுஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்து கோ-ஆர்டினேட்டருக்குப் போன் செய்தேன். "பேஷன்ட் சொல்றது வேலிட் இல்ல சிஸ்டர். கேர்கிவர்தான் சொல்லணும். டேட்டா க்ளீனா இருக்கணும்" என்றார். டேட்டாவை க்ளீனாக வைக்க அவர் யாரையும் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

உள்ளே போய், யூரின் பேக் ஒன்று உடனே வேண்டும் என்று ராஜனைக் கருங்கலுக்கு அனுப்பினேன். பைக் சத்தம் தேய்ந்தது.

"பூஜ்யம் போட்டா ஆளு வராது, இல்லியா சிஸ்டர்?" என்றாள் சுஜா.

"வராது மக்கா."

"அப்பம் மொதல்ல இருந்து கேளுங்க."

அவர் திரும்பும் முன் முடித்துவிட்டோம். உதவிக்கு ஆள் வந்த அன்று, ராஜன் வாசலுக்கே போய், "ராவும் பகலும் நான் படுத பாட்டக் கண்டாக்கும் ஆபீஸ்ல உங்கள அனுப்பியிருக்கினும்" என்றார். சுஜா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சுமையை அளக்கப் போனால், அதைச் சுமக்காதவரை முதலில் கடைக்கு அனுப்புங்கள்.