மேடையில் வைத்த முளைப்பாரி

சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு விழா எடுத்தே தீருவது என்று மதுரையில் ஒரு கமிட்டி கிளம்பியது. எண்பதுகளின் தொடக்கம். செயலாளர் கே.கே. நகர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'தீவு மக்களும் தாய்மண்ணும் பகிர்ந்துகொள்ளும் பண்பாடு' என்று நோட்டீசில் போட்டிருந்தார். அந்தப் பண்பாட்டில் எது யாருடையது என்பது மட்டும் அந்த மனுஷருக்குக் கடைசிவரை தெரியாது.

நானும் அம்மாவும் அவனியாபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கப்பலில் வந்து இறங்கிய மறுவருஷமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய தாத்தா பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர். அந்த ஊர் அம்மன் திருவிழாவில் அப்பா பேருக்கு ஒரு முளைப்பாரி வைத்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. அங்கே வீட்டுக்கு ஒரு பாரி. பாரி வைத்துவிட்டால் நாமும் அந்த ஊரில் ஒரு வீடு. ஊர்த் தலைவரான அம்பலக்காரரிடம் இரண்டு வருஷம் நடந்தோம். "நீங்க சிலோன்காரவுக தாயி. ஊர்க்கூட்டத்துல பேசித்தான் சொல்லணும்" என்பார். எது எதற்கோ கூடிய அந்தக் கூட்டம் எங்களுக்காக மட்டும் கூடவே இல்லை.

மூன்றாம் வருஷம் அம்மா யாரையும் கேட்கவில்லை. மண்சட்டியில் எருவைப் பரப்பிப் பயறு விதைத்து, அடுப்புக்குப் பின்னால் இருட்டு மூலையில் சாக்கு கட்டி மறைத்து வளர்த்தாள். திருவிழாவன்று தலையில் ஏற்றும்வரை பாரி வெளியாள் கண்ணில் படக்கூடாது. தண்ணீர் தெளிக்கும்போது என்னைக்கூட எட்டிப் பார்க்க விடமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அம்மா மேடையில் கூடை மாட்டிக்கொண்டு தேயிலை பறித்துக் காட்ட வேண்டுமாம்.

"நாங்க ரப்பர் தோட்டம் சார். பால் வெட்டுன கை இது. தேயிலைய நான் கடையில தூளாத்தான் பாத்திருக்கேன்" என்றாள் அம்மா.

"அதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாதும்மா. சிலோன்னா தேயிலைதான்."

பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் அது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் சிறப்பு விருந்தினர் அதே அம்பலக்காரர் என்று அவர் சொன்னதும் என் மண்டைக்குள் ஒரு யோசனை ஓடியது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த திமிர் எனக்கு. பாரியையும் கொண்டுபோவோம் என்றேன்.

"சாமி பாக்குறதுக்கு முன்னாடி ஊரு பாக்கக்கூடாது புள்ள."

"அவரு கண்ணால பாத்தா மனசு மாறும்மா. நாலு பேருக்கு முன்னால இல்லன்னு சொல்ல மாட்டாரு."

அம்மா சாக்கை விலக்கிப் பாரியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

விழாவில், பூ மார்க்கெட்டிலிருந்து இரவல் வாங்கிய கூடையை அம்மா முதுகில் கட்டினார்கள். மல்லிகை வாடைகூடப் போகவில்லை. பறிப்பதற்குக் குரோட்டன்ஸ் தொட்டிகள். மேடைக்குப் பின்னால் துணி மூடி வைத்திருந்த பாரியைச் செயலாளர் திறந்து பார்த்தார். "இது நம்ம ஊருதாச்சே. உங்களுது கூடைதான்" என்று சொல்லி, அதைத் தூக்கிக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்து 'தாய்மண்ணின் மரபு' என்று ஒரு அட்டையைச் சாய்த்தார். வளர்த்தவள் இந்தக் கோடியில் 'தீவின் மரபு' என்ற அட்டைக்குப் பின்னால் குரோட்டன்ஸ் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

அம்பலக்காரர் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பாரியப் பாருங்க, என்னா பச்சை. இவுகளும் நம்ம ரத்தந்தான்" என்றார். கைதட்டல் அடங்கவில்லை. அவர் இறங்கும்போது அம்மா கும்பிட்டு, "அப்ப இந்தப் பாரியச் செவ்வாக்கெழம கோயிலுக்குக் கொண்டு வாரேன்யா" என்றாள்.

"வா தாயி, வராம பின்ன?"

பஸ்ஸில் பாரியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் பெண்கள் பாரியோடு வரிசை கட்டியிருந்தார்கள். அம்மா கடைசியில் போய் நின்றாள். அம்பலக்காரர் வந்து ரொம்பப் பதவிசாகப் பேசினார்.

"அதான் மதுரையில மேடையில வச்சாச்சே தாயி. அம்புட்டுக் கண்ணு பட்ட பாரி ஆத்தாளுக்கு எப்பிடி ஆகும்?"

அந்த அம்புட்டுக் கண்ணில் இரண்டு அவருடையவை. வரிசை அம்மாவை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நகர்ந்தது.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அம்மா பாரியைத் தரையில் இறக்கி வைத்தாள். எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து வாய் வைத்தது. நான் விரட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, திங்கட்டும். இனி மூடி வச்சு என்ன செய்ய."

ஆடு மண் தெரியும்வரை மேய்ந்தது. அம்பலக்காரரையும் செயலாளரையும் நான் நாற்பது வருஷமாக வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கிறேன். உன் பேச்சைக் கேட்டுத்தானே பாரியை மேடைக்குக் கொண்டுபோனேன் என்று, சாகும்வரை அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.