பட்டை கழற்றிய சுருட்டு

ஒருமுறை சுருட்டுக் கடைக்காரரின் மனைவி பழைய கட்டடம் ஒன்றின் லிஃப்டில் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். வயிற்றில் தங்காமல் போன பிள்ளைக்காக டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாள் அது. விளக்கும் அணைந்துவிட்டது. பழுது பார்க்க வந்த ஆள் கதவைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் வெளியில் வேலை செய்தபடியே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு திருகைக் கழற்றுகிறேன், இப்போது ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம், இந்தக் கம்பி பத்து யானையைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே அவள் அழுதது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. கதவு திறந்ததும் கையை நீட்டி அவளை மேலே ஏற்றிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாமான்களை எடுத்து வைக்கிற மாதிரி குனிந்தவர், அவள் கண்ணைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து, படியிறங்கிப் போகும்வரை நிமிரவே இல்லை.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷம் கழித்து, தன் புருஷனுடைய சுருட்டுக் கடைக்கு வந்த ஒருவரின் பேச்சைக் கேட்டுவிட்டு அவள்தான், "அந்தக் குரல்தாங்க இது" என்றாள். கடைக்காரர் அன்றைக்கு அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அந்த நாற்காலி பதினோரு வருஷம் அவருடையதாகவே இருந்தது.

எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டவை. நாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கிலும் இருட்டுக் குழியிலும் கிடக்கிற மனிதர். வேலை முடிந்ததும் ஏதாவதொரு மொட்டை மாடியில் உட்கார்ந்து சாதாரணச் சுருட்டு ஒன்றைப் பிடிப்பார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வருவார்.

கடை மிகவும் ஒடுக்கமானது. பின்பக்கம் தேவதாருப் பலகை அடித்த கண்ணாடி அறை ஒன்று இருந்தது. உள்ளே ஈரம் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ள ஒரு முள் கருவி. கைக்குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் கடைக்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை அதைப் பார்ப்பார். அந்த அறைக்கு வெளியேதான் நாற்காலிகள். பல் டாக்டர் ஒருவர், அச்சகக்காரர் ஒருவர், லிஃப்ட்காரர். மூன்று பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. சுருட்டின் இடுப்பில் இருக்கிற காகிதப் பட்டையைக் கடைக்காரர் கழற்றிவிட்டுக் கொடுப்பார். இது கியூபாவா, வேறு நாட்டுச் சரக்கா என்று சொல்ல வேண்டும். பல் டாக்டர் பாதிக்குப் பாதி தப்பாகச் சொல்வார். அச்சகக்காரர் எதைக் கொடுத்தாலும் கியூபா என்பார், அப்படியாவது பாதி சரியாக இருக்குமே என்று. லிஃப்ட்காரர் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"நிகராகுவா வாசல்லயே நின்னு பேர் சொல்லிக் கூப்பிடும்ணே" என்பார். "மூணாவது இழுப்புலயே தொண்டையில மிளகு. கியூபா அப்படியில்ல. வந்து உக்காரும், வாயே திறக்காது. நாம எழுந்திருக்கப் போற நேரம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும். அதுக்காகத்தான் காத்திருக்கணும்."

கியூபா இலையில் முதலில் காய்ந்த வைக்கோல் வாசனை, நடுவில் லேசாகத் தேன், கடைசியில் மழை விட்ட மண் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். டொமினிக்கன் பாலேடு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்பார். அதற்காகக் கியூபாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவரும் இல்லை. பத்துக்கு ரெண்டு அடைத்துக்கொள்ளும், இழுத்து இழுத்துக் கன்னம் ஒட்டிப்போகும். நிகராகுவாக்காரன் சுருட்டுதான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக எரியும், சாம்பலைக்கூடச் சொன்ன இடத்தில் உதிர்க்கும் என்பார். புகையை நெஞ்சுக்குள் இறக்கமாட்டார். வாயில் சுழற்றி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுவார். நெஞ்சுக்குள் போகாத புகை என்ன செய்துவிடும் என்று அவர் தன் மனைவியிடம் சொல்வார். கடைக்காரரும் தன் மனைவியிடம் அதையேதான் சொல்வார்.

பன்னிரண்டாவது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை கடைக்காரர் வழக்கம்போலப் பட்டை கழற்றி இரண்டு சுருட்டுகளைக் கொடுத்தார். லிஃப்ட்காரர் முதலாவதைப் பிடித்தார், நிகராகுவா என்றார். இரண்டாவதையும் பிடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இதுவும் நிகராகுவாதான், ரெண்டும் ஒன்றா என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, இது கியூபா, இன்றைக்குத்தான் தம்பி சறுக்கினார் என்றார். பல் டாக்டர் கையைத் தட்டினார்.

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. அதே பெட்டியிலிருந்து இன்னொன்று கேட்டார். அதிலும் மிளகு. சீல் உடைக்காத வேறு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதிலும் தொண்டையை அறுக்கிற மிளகு.

"அண்ணே, உங்களை யாரோ ஏமாத்தியிருக்கான்" என்றார். கடைக்காரர் பெட்டியின் அடியைத் திருப்பி முத்திரையைக் காட்டினார். அப்போது அச்சகக்காரர் சும்மா இருக்காமல், அந்த முத்திரையைத் தன்னிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஆயிரம் அடித்துத் தருவதாக வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. கடைக்காரர், பதினைந்து வருஷமாக ஒரே இடத்தில் வாங்குகிற சரக்கு, தானே சோதித்து எடுத்தது என்று அழுத்திச் சொன்னார். லிஃப்ட்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஏமாந்தது நீங்க இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டார். சுருட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கியூபாச் சுருட்டில் போலி அதிகம் என்று இந்த வியாபாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே கடைக்காரருக்கு அந்தப் பெயர் வரக் கூடாது என்கிற வைராக்கியம். காலையில் கடவுளைக் கும்பிடும்போதுகூட, கலப்படமில்லாமல் விற்கிற புத்தியைக் கொடு என்றுதான் வேண்டுவார். அவரே அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். வைக்கோல் இருந்தது, தேன் இருந்தது, கடைசியில் மண்ணும் இருந்தது. சரக்கு அனுப்பியவர்களுக்கு எழுதினார். அசல்தான் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை யாரிடம் காட்டுவது? விற்கிறவன் தன் சரக்கு நல்லது என்றால் யார் நம்புவார்கள்? ஊர் நம்பியது லிஃப்ட்காரரின் நாக்கைத்தான். பழகின ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். பல் டாக்டர் வந்தாலும் கியூபா வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

லிஃப்ட்காரர் வரவே இல்லை. எங்கே வாங்கினாலும் கியூபாவில் மிளகுதான் இருக்கிறது, உலகம் முழுக்கப் போலியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, நிகராகுவாவுக்கே மாறிவிட்டதாகக் கேள்வி. அதில் மிளகு இருப்பது நியாயம்தானே. தொண்டை எரிந்தால் இலையின் காரம் என்று நினைத்துக்கொள்வார். குரல் கட்டினால் இந்த வருஷத்து இலை கொஞ்சம் முரடு என்பார். வேறு யாராக இருந்தாலும் தொண்டை எரிந்ததும் தொண்டையைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவருக்கு ஆண்டவன் கொடுத்த நாக்கு அப்படிப்பட்டது. தப்பு இலையில்தான் இருக்க முடியும் என்று நம்பினார்.

நாலு மாதம் கழித்துக் கடைக்காரர் அவரை ஒரு மருந்துக் கடையில் பார்த்தார். இருமல் மிட்டாய் கேட்டுக்கொண்டிருந்தார். குரல், தகரத்தில் அரம் போட்ட மாதிரி இருந்தது. கடைக்காரருக்குச் சுருக்கென்றது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் அவர் கடைக்கு வந்துகொண்டிருந்தார். அவரும் முதலில் சுருட்டெல்லாம் மிளகாகிவிட்டது என்று குறைப்பட்டார். அப்புறம் குரல் இப்படித்தான் ஆயிற்று. அப்புறம் அந்த வாத்தியார் வரவில்லை.

இரண்டடி எடுத்து வைத்தால் தோளைத் தொட்டிருக்கலாம். தம்பி, இது சுருட்டு இல்லை, போய் டாக்டரிடம் காட்டு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. கடைக்காரர் அலமாரிக்குப் பின்னால் நின்றார். என் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தொண்டையைக் குறை சொல்கிறேன் என்று நினைப்பார், இன்னும் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவார் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நின்றது அதற்காக இல்லை என்று அவருக்கே தெரியும். படட்டும் என்று உள்ளே ஒரு மூலையில் இருந்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டார். சாப்பாடு இறங்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகும் நாலு மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் கடைக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை, ஆனால் உள்ளே ஆளைக் காணோம். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். மனைவி கூடவே வந்து வாசலில் நின்றுகொண்டாள். பல் டாக்டரும் அச்சகக்காரரும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் இருக்கிற நேரம் பார்த்துத்தான் அவர் வந்திருந்தார்.

ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி பேசினார். "அண்ணன் பெட்டி நல்ல பெட்டி. கெட்டது என் தொண்டை. நாலு பேரு முன்னாடி சொன்னேன், நாலு பேரு முன்னாடியே திருப்பி வாங்கிக்கிறேன்."

அச்சகக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

லிஃப்ட்காரர் உட்கார்ந்து மற்றதையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். குரல்வளையை மொத்தமாக எடுக்கிறார்கள். கழுத்தில் ஓட்டை போட்டுவிடுவார்கள், மூச்சு அது வழியாகத்தான். மூக்குக்குக் காற்றே போகாது, அதனால் வாசனையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாலைந்து மாதம் முன்னாலேயே வந்திருந்தால் கதிர்வீச்சிலேயே குணமாக்கப் பார்த்திருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைக்காரர்தான் முள் கருவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பிறகு, பற்ற வைக்க வேண்டாம், அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று மோந்து பார்க்கக் கொடுங்கள் என்று கேட்டார். கடைக்காரர் எடுத்து, பழக்கத்தில் பட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார். லிஃப்ட்காரர் கண்ணை மூடி மூக்கடியில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

"வைக்கோல்" என்றார்.

அடுத்த நாளே பழைய ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். போன பெயர் திரும்பி வந்தது. கடைக்காரர் வீட்டுக்குப் போய், மருந்துக் கடையில் நடந்ததை முதல்முறையாகத் தன் மனைவியிடம் சொன்னார். அவள், இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது, உங்கள் பாரத்தை இறக்கி அந்த மனுஷன் தலையில் வைக்காதீர்கள், கடவுள்கிட்டே சொல்லுங்கள் போதும் என்றாள். கடவுளிடம் சொன்னார். ஆனால் கடவுள் அந்த மருந்துக் கடையில் நின்று இருமல் மிட்டாய் வாங்கவில்லையே. கேட்க வேண்டியவருக்குச் செவ்வாய்க்கிழமை வரைதான் பதில் சொல்லக் குரல் இருந்தது. ஊமையான ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்பது, திட்டு விழாது என்று தெரிந்துகொண்டு கேட்பது போலாகிவிடும் என்று கடைக்காரருக்குப் பட்டது.

அந்த ஆப்பரேஷனுக்கு அப்புறம் லிஃப்ட்காரர் வீடு திரும்பவில்லை. கழுத்துக் காயத்தில் சீழ் வைத்து, பதினோராம் நாள் போய்விட்டார். இடையில் ஒரு சிலேட்டில் மனைவிக்கு மட்டும் ஏதோ எழுதிக் காட்டினாராம். ஆக, கடைக்காரருக்கு மிஞ்சியது அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைதான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் ஃபினாயில் நெடி. லிஃப்ட்காரரைப் பச்சை உடை மாட்டித் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். மனைவி ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். நடையின் கோடியில் லிஃப்ட் ஒன்று ஏறும்போது முனகியது. அதில் எண்ணெய் இல்லை என்று லிஃப்ட்காரர் கையாலேயே ஜாடை காட்டினார்.

கடைக்காரர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மருந்துக் கடையில் பார்த்ததை, குரலைக் கேட்டதை, வாத்தியாரை, அலமாரிக்குப் பின்னால் நின்றதை. பயந்துதான் சொல்லவில்லை என்று ஒரு இடத்தில் ஆரம்பித்து, அதை அப்படியே விட்டுவிட்டு, "கோவத்துலதான் சொல்லல தம்பி. தெரிஞ்சேதான் சொல்லல" என்றார்.

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. அந்தப் பழைய நாற்காலியில், இரண்டாவது இழுப்புக்கும் மூன்றாவது இழுப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாரே, அப்படி இருந்தார். ஆஸ்பத்திரி ஆள் வந்து வண்டியின் பூட்டை எடுத்தான். சக்கரம் நகர்ந்தது. கடைக்காரரும் கம்பியை விடாமல் கூடவே நடந்தார். கதவு வரைக்கும்தான் வரலாம் என்று அந்த ஆள் சொன்னான்.

கதவருகில் லிஃப்ட்காரர் தலையைத் திருப்பினார். எச்சிலை விழுங்கக் கஷ்டப்பட்டு, விழுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"சொல்லியிருக்கலாம்ணே."