எடுக்க மறந்த குழாய்

நர்ஸ் வேலைக்கு முதலில் வேண்டியது கருணை என்பார்கள். எனக்குத் தெரிந்து முதலில் வேண்டியது ஓடுகிற கால், எனக்கோ அதுதான் குறைச்சல். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் நான் ‘பிரதர்’, அதாவது ஆண் நர்ஸ். உங்களில் யாராவது மூத்திரக் குழாயோடு படுத்திருந்தால், இல்லை பக்கத்து ஸ்டூலில் காத்துக் கிடந்திருந்தால், என்மேல் கோபப்பட முழு உரிமை உண்டு.

நாளைக்கு

தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். ஆபரேஷனுக்குப் போட்ட குழாயை மறுநாளே எடுத்திருக்கலாம். எடுத்தால் மணிக்கொரு தரம் நான்தானே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்! ‘குழாய் இன்னும் தேவையா?’ என்று தினமும் காலையில் ஒரு படிவம் உண்டு. டீ வருவதற்குள் வார்டு முழுக்க ‘ஆம்’ என்று டிக் அடித்துவிடுவேன், ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல். தொழுகைக்குச் சுத்தம் போதவில்லையே என்று பாய் தவித்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிக்காஹ், அதற்குள் வீட்டுக்குப் போகணும் என்றார். நாளைக்கு எடுத்துரலாம் பாய் என்பேன். நாலாம் நாள் அவர் கேட்டார்: “தம்பி, ஒங்க நாளைக்கு எந்தக் கெழமையில வரும்?”

என் பிரசங்கம்

பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று பாயின் மனைவி மூத்திரப் பையைக் கட்டில்மேல் போர்வைக்குள் ஒளித்துவிட்டார். விடுவேனா? பை இடுப்புக்குக் கீழேதான் தொங்கணும், மேலே ஏறினால் மூத்திரம் திரும்ப உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும் என்று பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினேன். மறுநாள் எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, சக்கரத்தில் மாட்டுமே என்று அதே பையைத் தூக்கி பாய் வயிற்றில் வைத்த புண்ணியவான் நான்தான். கூடவே வந்த அந்த அம்மா மெல்லக் கேட்டார்: “தம்பி, நேத்து சொன்னது எங்களுக்கு மட்டுந்தானா?”

ஆறு கையெழுத்து

வெள்ளிக்கிழமை, ஆறாம் நாள், பாயை நடுக்கி எடுத்தது காய்ச்சல். பையில் மூத்திரம் கலங்கியிருந்தது. குழாய் வழியாகத் தொற்று ஏறிவிட்டது. டாக்டர் படிவத்தைப் புரட்டினார். ஆறு டிக், ஆறும் என் கையெழுத்து. குழாயை உடனே எடுக்கச் சொன்னார். ஊசி மருந்து ஏறியாக வேண்டும், வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றாகிவிட்டது.

நிக்காஹ்வை பாய் கட்டிலில் சாய்ந்தபடி போனில் பார்த்தார். தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். முடிந்ததும், தப்பு என்மேல்தான் பாய், பார்க்காமலே டிக் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்: “அந்தா, அவருக்கும் குழா கெடக்கு தம்பி. போயி மொகத்தப் பாத்துக் கேளுங்க.”

பதினோரு வருஷ சர்வீஸில் நான் கண்டது இவ்வளவுதான்: குழாய் போட யாராக இருந்தாலும் போதும், எடுக்க என்னை மாதிரி இல்லாத ஒரு பிரதர் வேண்டும்.